தாத்தாவுக்கு ஏழு, பேத்திக்கு இரண்டு: நிகோடின் பிடியை எந்தத் தராசில் நிறுப்பது?

"சர்ச், நூலகம், சினிமா தியேட்டர் மாதிரி புகைபிடிக்கக் கூடாத இடங்களில் புகைக்காமல் இருப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா?" நிகோடின் அடிமைத்தனத்தை அளக்க உலகம் முழுக்க அதிகமாகப் புழங்கும் கேள்வித்தாளில் வரும் கேள்வி இது. ஆம் என்றால் ஒரு மதிப்பெண், இல்லை என்றால் பூஜ்யம். கேள்வித்தாள் இந்த வடிவில் வெளிவந்தது 1991-இல். அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள்: சர்ச், நூலகம், தியேட்டர். புகைக்கக் கூடாத இடம் எது என்று உதாரணம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்த காலம் அது. அலுவலக மேஜையிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. அமெரிக்காவில் உள்நாட்டு விமானங்களில் கிட்டத்தட்ட முழுத் தடை வந்ததே 1990-இல்தான். பார், உணவகம் உட்படப் பணியிடங்களில் நாடு முழுக்கத் தடை போட்ட முதல் நாடு அயர்லாந்து, அதுவும் 2004-இல்.

இன்றைக்கு இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி இதே கேள்வியைப் படித்தால் அவளுக்கு உதாரணமே வேண்டாம். அவளுக்குப் பட்டியல் போட வேண்டுமென்றால் எங்கே புகைக்கலாம் என்றுதான் போட வேண்டும், அது சின்னப் பட்டியல். 1991-இல் இதற்கு டிக் அடித்தவரும் இவளும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள், ஆனால் இருவரும் பதில் சொன்னது ஒரே கேள்விக்கு இல்லை. மொத்தச் சிக்கலும் இதில் அடங்கிவிடுகிறது. நிகோடின் ஒருவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அளக்கப் போகிறோம், ஆனால் அவரைச் சுற்றியுள்ள உலகம் எவ்வளவு புகைக்க விட்டது என்பதும் அதே மதிப்பெண்ணுக்குள் கலந்து வந்துவிடுகிறது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் இந்தக் கலப்படம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே உலகம். தலைமுறை தாண்டினால்தான் பல்லிளிக்கும்.

கொஞ்சம் பின்னணி. கார்ல்-ஓலாவ் ஃபேகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1978-இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார். அதில் இரண்டு கேள்விகள் பின்னால் தூக்கப்பட்டன, தூக்கப்பட்ட கதையே ஒரு பாடம். ஒன்று, நீங்கள் புகைக்கும் பிராண்டில் நிகோடின் அளவு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்பது. இன்னொன்று, புகையை உள்ளே இழுக்கிறீர்களா என்பது. பிராண்டின் நிகோடின் அளவு என்று சொல்லப்பட்டது ஒரு இயந்திரம் சிகரெட்டைப் புகைத்துச் சொன்ன எண். 'லைட்' சிகரெட்டுகளின் ஃபில்டரில் பொடிப்பொடியாகக் காற்றுத் துளைகள் இருக்கும். இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாகக் காற்று கலந்து எண் குறைந்துவிடும். மனிதன் இழுக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிக்கொள்ளும், போதவில்லை என்றால் ஆழமாக இழுத்துக்கொள்வான். ஆக அந்தக் கேள்வி உடம்புக்குள் போகும் நிகோடினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உள்ளே இழுக்கிறீர்களா என்ற கேள்வியும் அப்படித்தான், சிகரெட் புகைப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆம் என்பார்கள். எல்லோரும் ஆம் என்னும் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. ஹெதர்டன் என்ற ஆய்வாளரும் சகாக்களும், ஃபேகர்ஸ்ட்ரோமும் சேர்ந்துதான், 1991-இல் மிச்சமிருந்த ஆறு கேள்விகளைப் புது மதிப்பெண்ணோடு வெளியிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. இதுதான் ஃபேகர்ஸ்ட்ரோம் சோதனை. 2012-இல் அவரே இதன் பெயரில் இருந்த 'நிகோடின்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சிகரெட்' என்று மாற்றினார். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் நேர்மையான திருத்தம். தாள் அளந்தது எப்போதுமே சிகரெட் என்ற பொருளோடு ஒருவருக்கிருந்த உறவைத்தான்.

சரி, இரண்டு பேரைக் கற்பனை செய்வோம், ஆறு கேள்விகளையும் அவர்களோடு உட்கார்ந்து நிரப்பிப் பார்ப்போம்.

தாத்தா 1991-இல் நிரப்புகிறார், வயது 58. ஒரு நாளைக்கு 25 சிகரெட், அதற்கு 2 மதிப்பெண். எழுந்து இருபது நிமிஷத்தில் முதல் சிகரெட், அதற்கு 2. தடை உள்ள இடத்தில் சிரமமா? அவருக்கு அப்படி ஒரு இடத்துக்குப் போகவே அவசியம் வருவதில்லை, 0. எந்தச் சிகரெட்டை விடுவது ரொம்பக் கஷ்டம்? காலையில் முதல் சிகரெட், 1. காலை நேரத்தில் அதிகம் புகைப்பீர்களா? ஆமாம், 1. உடம்பு முடியாமல் படுக்கையில் கிடக்கும்போதும் புகைப்பீர்களா? கட்டிலோரத்தில் சாம்பல் கிண்ணம் இருக்கிறதே, 1. மொத்தம் 7. வழக்கமான வகைப்பாட்டில் 'அதிகச் சார்பு', அதாவது அதிக அடிமைத்தனம்.

பேத்தி இன்றைக்கு நிரப்புகிறாள், வயது 24. ஒரு நாளைக்கு 8 சிகரெட், அதற்கு 0, ஏனென்றால் பத்து வரைக்கும் பூஜ்யம்தான். எழுந்ததும் கை தேடத்தான் செய்கிறது, ஆனால் வீட்டுக்குள் யாரும் புகைப்பதில்லை, குளித்து உடுத்திக் கீழே இறங்கித் தெருவுக்கு வர நாற்பது நிமிஷம் ஆகிவிடுகிறது, அதற்கு 1. தடை உள்ள இடத்தில் சிரமமா? தினமும், நாள் பூராவும், 1. விட முடியாத சிகரெட்? வேலை முடிந்து வெளியே வந்ததும் பற்றவைப்பது, 0. காலையில் அதிகமா? எப்படி முடியும், 0. காய்ச்சலில் படுத்திருக்கும்போது? யார் எழுந்து நாலு மாடி இறங்குவது, 0. மொத்தம் 2. 'மிகக் குறைந்த சார்பு'.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிய தலைமுறை நிகோடினுக்கு அவ்வளவாக அடிமையாகவில்லை என்று எழுதினால் அது சரியாகவும் இருக்கலாம், முழுத் தப்பாகவும் இருக்கலாம். தாளிலிருந்து அதைச் சொல்ல முடியாது. பேத்தியின் பூஜ்யங்களில் எத்தனை அவளுடைய மூளையிலிருந்து வந்தவை, எத்தனை அவளுடைய மாடிப்படியிலிருந்து வந்தவை?

மாடிப்படியை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நானும் பதினோரு வருஷம் ஊதியவன். ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது என் மேஜையிலிருந்து பத்தடியில் புகைக்கும் அறை இருந்தது, நாளைக்கு 22 வரை போகும், இந்தத் தாளில் எனக்கு ஆறு வந்தது. வேலை மாறினேன், பதினாலாவது மாடி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து கீழே போய்வரக் கால் மணி நேரம், காலை முழுக்க மீட்டிங். மூணு மாசத்தில் 14 ஆகிவிட்டது, மதிப்பெண் நாலு. நான் திருந்திவிட்டதாக நானே நம்பினேன், ஒரு நீண்ட விடுமுறை வரும் வரைக்கும். விடுமுறையின் இரண்டாம் நாளே பழைய கணக்குக்குப் போய்விட்டேன். அந்த மூணு மாசத்தில் இறங்கியது என் அடிமைத்தனம் இல்லை, லிஃப்ட்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு கேள்விகளில் ரொம்ப வேகமாகக் கெட்டுப்போனது சிகரெட் எண்ணிக்கைதான் என்பேன். அமெரிக்காவில் தினசரி புகைப்பவர்களின் சராசரி 2005-இல் 16.7 ஆக இருந்து 2014-இல் 13.8 ஆகக் குறைந்தது. விலை, வரி, தடை என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு சிகரெட்டுக்குள் சுமார் பத்து மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கிறது, சராசரியாகப் புகைப்பவர் அதிலிருந்து உறிஞ்சிக்கொள்வது ஒரு மில்லிகிராம், ஒன்றரை மில்லிகிராம் அளவுதான். அதாவது உறிஞ்சாமல் விடும் மிச்சம் நிறையவே இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தி இழுக்கலாம், நுனி வரை இழுக்கலாம், புகையை நெஞ்சில் நிறுத்தி வைக்கலாம். இதை ஈடுகட்டல் என்பார்கள். எண்ணிக்கை பாதியானால் நிகோடினும் பாதியாகும் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்ததற்கு இதுதான் காரணம். மரபணு ஆய்விலும் இதே கதைதான். பதினைந்தாம் குரோமோசோமில் நிகோடின் ஏற்பி தொடர்பான ஒரு மாற்றம் இருக்கிறது, அது ஒரு நகல் இருந்தால் நாளைக்கு ஏறக்குறைய ஒரு சிகரெட் கூடும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். சிகரெட் எண்ணிக்கைக்குப் பதிலாக ரத்தத்தில் உள்ள கோட்டினினை (உடம்பு நிகோடினை உடைக்கும்போது வரும் பொருள்) வைத்துப் பார்த்தபோது அதே மரபணுவின் செல்வாக்கு நன்றாகவே பெரிதாகத் தெரிந்தது. மரபணு அப்படியேதான் இருந்தது, அளவுகோல்தான் மழுங்கல்.

இன்னொரு கூத்தும் உண்டு. நாளைக்கு எத்தனை என்று கேட்டால் மக்கள் பத்து, இருபது என்று பத்துப் பத்தாகவே சொல்வார்கள். பாக்கெட்டில் இருபது இருக்கிறது, 'ஒரு பாக்கெட்' என்பது ஒரு எண்ணிக்கை மாதிரியும் ஒரு வாழ்க்கை முறை மாதிரியும் ஆகிவிட்டது. இந்த எண்கள் சரியாக மதிப்பெண் மாறும் எல்லையிலேயே உட்கார்ந்திருக்கின்றன, பத்து என்றால் 0, பதினொன்று என்றால் 1. ஒரு தலைமுறை பாக்கெட் கணக்கில் யோசித்தது, இப்போது நண்பரிடம் ஒன்று வாங்கி, வார இறுதியில் மட்டும் நாலு புகைத்து, மற்ற நாளில் தொடாமல் இருப்பவர்களிடம் 'நாளைக்கு எத்தனை' என்பதே அர்த்தமில்லாத கேள்வி.

முதல் சிகரெட் வரைக்கும் எத்தனை நிமிஷம் என்ற கேள்வி மட்டும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. தூங்கும்போது ஏழெட்டு மணி நேரம் நிகோடின் உள்ளே போவதில்லை, ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் இரண்டு மணி நேரம், ஆகவே விடியும்போது கிட்டத்தட்ட வறண்டுபோன நிலை. எல்லோரும் தினமும், தங்களுக்கே தெரியாமல், ஒரு சின்ன விரதப் பரிசோதனைக்கு உட்படுகிறார்கள். அதிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே வர ஓடுகிறார்கள் என்பதைத்தான் அந்தக் கேள்வி பிடிக்கிறது. விடமுடியுமா என்பதை முன்கூட்டிச் சொல்வதில் இந்த ஒற்றைக் கேள்விக்கு மற்றவற்றைவிட நல்ல பெயர். இதையும் சிகரெட் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து 1989-இல் இரண்டு கேள்விக் குறியீடு ஒன்று வந்தது, பூஜ்யத்திலிருந்து ஆறு வரை, இன்றும் பெரிய கணக்கெடுப்புகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த இரண்டில் ஒன்றுதான் மேலே சொன்ன கெட்டுப்போன கேள்வி.

முதல் சிகரெட் கேள்விக்கும் கறை படியாமல் இல்லை. பேத்தியின் நாற்பது நிமிஷத்தைப் பார்த்தோம். வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கும் பதினாறு வயதுப் பையன் பள்ளிக்குப் போகும் வழியில்தான் பற்றவைப்பான், ஆக அவனுடைய 'முதல் சிகரெட்' வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதல் சிகரெட்டைக் கேட்கும் அதே மூச்சில் முதல் தவிப்பையும் கேட்பது. எழுந்து எத்தனை நிமிஷத்தில் மனசு கேட்க ஆரம்பிக்கிறது? எத்தனை நிமிஷத்தில் உண்மையில் பற்றவைக்கிறீர்கள்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உலகம் போட்ட தடை.

இதுவரை பார்த்ததில் தாத்தாவின் மதிப்பெண் கூடி, பேத்தியுடையது குறைந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டை எடுத்தால் ஆட்டம் தலைகீழ். 1980-இல் புகையிலைச் சார்பு என்று உள்ளே வந்து, 1987-இல் நிகோடின் சார்பு என்று பெயர் மாறி, 2013-இல் ஐந்தாம் பதிப்பில் புகையிலைப் பயன்பாட்டுக் கோளாறு ஆகியிருக்கிறது. பதினோரு அளவுகோல்கள், இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நாலைந்து என்றால் மிதமானது, ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். அதில் ஒரு அளவுகோல், விட முயன்று தோற்றது அல்லது விட வேண்டும் என்ற ஆசை நீடிப்பது. இன்னொன்று, உடம்பைக் கெடுக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது. தாத்தா இளைஞராக இருந்தபோது விடச்சொல்லி யாரும் நச்சரிக்கவில்லை, அவர் முயலவும் இல்லை, முயலாதவர் எப்படித் தோற்பார்? உடம்புக்குக் கெடுதல் என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அடித்துச் சொன்னதே 1964-இல். அந்த அறிக்கைகூடச் சிகரெட்டைப் 'பழக்கம்' என்றுதான் வகைப்படுத்தியது, அடிமைத்தனம் என்று அதே அலுவலகம் சொல்ல 1988 ஆகிவிட்டது. பேத்தியின் தலைமுறைக்கோ பாக்கெட்டிலேயே அழுகிய நுரையீரல் படம். விட முயலாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக 'தெரிந்தும் தொடர்கிறேன்' என்ற அளவுகோலுக்கு எல்லோரும் ஆம் சொல்கிறார்கள், 1978-இல் 'உள்ளே இழுக்கிறீர்களா' கேள்விக்கு நேர்ந்த கதி இதற்கும். ஒரே ஆட்களை ஃபேகர்ஸ்ட்ரோம் தாளில் அளந்தால் இளைய தலைமுறைக்குச் சார்பு குறைந்தது என்றும், டிஎஸ்எம்-இல் அளந்தால் கூடியது என்றும் முடிவு வர எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டு அளவுகோல்களும் ஒன்றோடொன்று ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும் என்பது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். எது சரி என்று சண்டை போடுவதைவிட, ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தக் காலத்தின் காற்று புகுந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

நம்பகத்தன்மை என்றதும் பலர் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைத்தான் கேட்பார்கள். ஒரு தாளில் உள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு இசைந்து போகின்றன என்பதன் அளவு, 0.7-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது பேச்சு வழக்கு. 1991 தாளின் ஆல்ஃபா 0.61. அதற்கு முந்தைய எட்டுக் கேள்வித் தாளுக்கு 0.48, ஆகவே முன்னேற்றம்தான், ஆனாலும் ரொம்ப நல்ல மதிப்பெண் இல்லை. அதே நபரிடம் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கேட்டால் பதில்கள் நன்றாகவே ஒத்துப்போகின்றன. அப்புறம் ஒரு நுணுக்கம்: ஆல்ஃபா என்பது தாளின் குணம் மட்டும் இல்லை, தாளை நிரப்பிய கூட்டத்தின் குணமும்கூட. பூஜ்யத்திலிருந்து பத்து வரை பரவலாக இருந்த பழைய கூட்டத்தில் 0.61 தரும் தாள், எல்லோரும் பூஜ்யம் ஒன்று இரண்டில் குவிந்திருக்கும் புதுக் கூட்டத்தில் அதைவிடக் குறைவாகத்தான் தரும், ஏனென்றால் ஆட்களுக்கு நடுவில் வித்தியாசமே குறைந்துவிட்டது. 'இளைஞர்களிடம் இந்தத் தாள் நம்பகமாக இல்லை' என்று எழுதும் முன் இதைப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் பார்ப்பதில்லை.

உண்மையில் கேட்க வேண்டியது வேறு, அளவீட்டு மாறாத்தன்மை. இரண்டு கடைகளின் தராசுகளை ஒப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், இரண்டுமே எடையைத்தான் காட்டுகின்றனவா, அல்லது ஒன்று எடையையும் இன்னொன்று கனஅளவையும் காட்டுகிறதா? அதாவது ஆறு கேள்விகளும் இரண்டு தலைமுறையிலும் ஒரே மாதிரி ஒன்றுசேர்கின்றனவா? ஃபேகர்ஸ்ட்ரோம் தாள் இங்கேயே தடுமாறும், பல ஆய்வுகளில் அது ஒரே கொத்தாக நிற்காமல் காலைப் புகைப்பு ஒரு பக்கம், மொத்தப் புகைப்பு ஒரு பக்கம் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அடுத்தது, ஒரு கிலோ வைத்தால் இரண்டு முள்ளும் அதே அளவு நகர்கின்றனவா? சார்பு ஒரு படி கூடும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அதே வேகத்தில் கூடுகிறதா? கடைசியாக, தட்டில் ஒன்றுமே இல்லாதபோது இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் நிற்கின்றனவா? தலைமுறை ஒப்பீட்டில் மண்ணைக் கவ்வுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது படியில்தான். 'தடை உள்ள இடத்தில் சிரமம்' என்ற கேள்விக்குப் பேத்தியின் முள் தொடங்கும் இடமே மேலே, 'படுக்கையில் கிடக்கும்போது' என்ற கேள்விக்குத் தொடங்கும் இடமே கீழே. இந்த மூன்றாவது படி தேறாமல் இரண்டு கூட்டத்தின் சராசரி மதிப்பெண்ணை ஒப்பிடுவது செல்லாது.

ஒவ்வொரு கேள்வியாகச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி என்ற புள்ளியியல் முறையில், மொத்தத்தில் ஒரே அளவு சார்பு உள்ளதாகத் தெரியும் இரண்டு பேரை எடுத்து, தலைமுறை வேறு என்ற ஒரே காரணத்தால் அவர்கள் ஒரு கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள். அப்படிச் சொன்னால் அந்தக் கேள்வி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாயாமல் நிற்கும் கேள்விகளை நங்கூரமாக வைத்துக்கொண்டு, சாய்ந்தவற்றுக்குத் தலைமுறைக்கு ஒரு கணக்குப் போட்டு, பிறகு ஒப்பிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆறே கேள்விகள் உள்ள தாளில் நாலு சாய்ந்துவிட்டால் நங்கூரமாக நிற்க இரண்டுதான் மிச்சம். இந்த இடத்தில் நீளமான தாள்கள் உதவும். 2004-இல் வந்த விஸ்டம்-68 என்ற தாளில் அறுபத்தெட்டுக் கேள்விகள், பதிமூன்று உட்பிரிவுகள், தவிப்பு, தானாகக் கை போவது, மனநிலைக்காகப் புகைப்பது, சுற்றியிருப்பவர்கள் புகைப்பது என ஒவ்வொன்றும் தனித்தனி. எங்கே சாய்வு இருக்கிறது என்பதையாவது அதில் தெரிந்துகொள்ளலாம். பதின்ம வயதினருக்கு 2002-இல் வந்த ஹாங்க் என்ற பத்துக் கேள்வித் தாள் எண்ணிக்கையைத் தொடவே இல்லை. விட முயன்று முடியாமல் போனதா, தவிப்பு வருகிறதா, புகைக்காவிட்டால் எரிச்சல் வருகிறதா என்று கேட்கிறது, ஒன்றுக்கு ஆம் என்றாலும் பிடி விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும், ஆனால் முதல் பிடி எப்போது விழுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் அது நல்லது, எவ்வளவு இறுக்கம் என்று சொல்ல அவ்வளவு இல்லை.

தாளை எவ்வளவு திருத்தினாலும் தீராத ஒரு தொல்லை, நிரப்ப உட்காருபவர்கள் யார் என்பது. வயது, காலம், பிறந்த தலைமுறை மூன்றும் ஒரே முடிச்சு. இந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்தால் வயது, அவ்வளவுதான், ஆகவே ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கக் கணிதமே விடாது, வெளியிலிருந்து ஏதாவது ஒரு அனுமானத்தைக் கொண்டுவர வேண்டும். இதற்கு மேல் சாவு வேறு. 1951-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வு ஐம்பது வருஷம் கழித்து 2004-இல் சொன்னது, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள் என்று. எழுபது வயதில் புகைப்பவர் என்று நம்மிடம் தாள் நிரப்புபவர் அந்தத் தலைமுறையின் மாதிரி இல்லை. ரொம்ப அதிகமாகப் புகைத்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சுலபமாக விட முடிந்தவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள், நடுவில் மிஞ்சியவர் இவர். இருபது வயதுக் கூட்டத்தில் இந்தச் சல்லடை இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

இதிலிருந்து கிளைத்த ஒரு பெரிய விவாதம் உண்டு. அமெரிக்காவில் 1965-இல் பெரியவர்களில் 42 சதவீதம் புகைத்தார்கள், 2021-இல் 11.5 சதவீதம். சுலபமானவர்கள் விட்டுவிட்டால் மிச்சமிருப்பவர்கள் கெட்டியானவர்களாகத்தானே இருக்க வேண்டும், கெட்டிப்பட்ட வண்டல் மாதிரி? தர்க்கம் கச்சிதம், ஆனால் தரவு அப்படிச் சொல்லவில்லை. 2016-இல் குலிக், க்ளான்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க, ஐரோப்பியத் தரவுகளைப் பார்த்து, புகைப்பவர் விகிதம் குறையக் குறைய மிஞ்சியவர்கள் கெட்டியாகவில்லை, இளகுகிறார்கள் என்றார்கள். நாளைக்குப் புகைக்கும் எண்ணிக்கை குறைகிறது, விட முயல்வது கூடுகிறது. எனக்கு இந்த முடிவின் திசையில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் எந்த அளவுகளை வைத்து 'இளகல்' என்கிறோம் என்று பாருங்கள். எண்ணிக்கை குறைந்தது லிஃப்ட்டாலும் இருக்கலாம், விட முயல்வது கூடியது ஊர் வாயாலும் இருக்கலாம். நிகோடின் பிடியே இளகியதா என்பதற்கு உடம்பைக் கேட்க வேண்டியிருக்கிறது.

உடம்பைக் கேட்பது என்றால் கோட்டினின். நிகோடினைக் கல்லீரல் உடைக்கும்போது வரும் பொருள், அரை ஆயுள் சுமார் பதினாறு மணி நேரம், அதனால் இரண்டு மூன்று நாள் கணக்கைக் காட்டும், ரத்தத்திலும் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் பார்க்கலாம். தினசரி புகைப்பவர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு நூறு நானோகிராமுக்கு மேல் சாதாரணமாக இருக்கும். இதைச் சிகரெட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சிகரெட்டிலிருந்து ஒருவர் எவ்வளவு கறக்கிறார் என்று தெரிந்துவிடும், தாத்தாவின் 25-ஐயும் பேத்தியின் 8-ஐயும் ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான். ஆனால் இதுவும் வேதவாக்கு இல்லை. நிகோடினை உடைக்கும் நொதி, சிஒய்பி2ஏ6 என்று பெயர், ஆளுக்கு ஆள் வேகம் மாறும். கிழக்காசிய வம்சாவளியினரிடம் மெதுவான வகை அதிகம், பெண்களிடம் பொதுவாக வேகம் கூடுதல். அதையும் தனியாக அளந்து சரிக்கட்டலாம், கோட்டினினுக்கும் அது மேலும் உடைந்து வரும் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும்.

கோட்டினினையும் தலைமுறை விட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புகைப்பவரா இல்லையா என்று பிரிக்க முன்பு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் என்ற எல்லையை வைத்திருந்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் 1999 முதல் 2004 வரையிலான தரவை வைத்துப் பார்த்தபோது அந்த எல்லை சுமார் 3-க்கு இறங்கிவிட்டது. முக்கியக் காரணம், புகைக்காதவர்களின் ரத்தம் சுத்தமாகிவிட்டது. பழைய காலத்தில் அடுத்தவர் விட்ட புகையே ஒருவரை எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்கு இருந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் அந்த அலுவலக மேஜைச் சாம்பல் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் நாம் இன்னும் சிகரெட்டைத் தாண்டவில்லை. வேப், அதாவது நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் இ-சிகரெட், வந்ததும் 'ஒன்று' என்ற அலகே காணாமல் போனது. சிகரெட் பற்றவைத்தால் ஒரு தொடக்கம், அணைத்தால் ஒரு முடிவு, எண்ணலாம். வேப் பையில் கிடக்கிறது, இரண்டு இழுப்பு இழுத்துத் திரும்பப் பைக்குள் போகிறது, ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை. ஜூல் என்ற வேப் பிராண்ட் 2015-இல் சந்தைக்கு வந்தது, நிகோடின் உப்பு கலந்த திரவம், தொண்டையில் காரம் குறைவு, மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பே 20 மில்லிகிராம். ஆக ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேர், ஒரே எண்ணிக்கை இழுப்பு, வேறு சட்டம், வேறு அளவு.

2015-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட இ-சிகரெட் குறியீடு இதற்கு ஒரு சமரசம் செய்தது. ஒரு 'தடவை' என்றால் சுமார் பதினைந்து இழுப்பு அல்லது பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்கிறது. அதாவது சிகரெட் மாதிரி இல்லாத ஒன்றைச் சிகரெட் வடிவத்துக்கு மடித்து எண்ணச் சொல்கிறது. இழுத்து இழுத்து வைப்பவர்கள் தலையைச் சொறிவார்கள் என்பது நிச்சயம். ஆனாலும் சிகரெட்டுக்கும் வேப்புக்கும் அதே கேள்விகளை இணையாக வைத்திருப்பதால், இரண்டையும் புகைப்பவர்களிடம் இரண்டு தாளையும் கொடுத்து ஒன்றை மற்றதோடு கோர்க்க முடிகிறது, பழைய தாள்களில் அது முடியாது.

அந்தத் தாளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு கேள்வி: வேப் இழுப்பதற்காக இரவில் சில சமயம் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறீர்களா? ஃபேகர்ஸ்ட்ரோமின் ஆறில் இந்தக் கேள்வி இல்லை. தாத்தா அப்படி எழுந்தால் உட்கார வேண்டும், தீப்பெட்டி தேட வேண்டும், பாட்டியிடம் திட்டு வாங்க வேண்டும். பேத்தி சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியிருந்தால் அது தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், கண்ணைத் திறக்காமலே ஒரு இழுப்பு. காலையில் தாளை நிரப்பும்போது 'எழுந்து எத்தனை நிமிஷத்தில்' என்ற கேள்விக்கு நாற்பது என்று எழுதுவாள், பொய்யும் சொல்லவில்லை.